பாய் எடுத்து வைத்த மாதிரிப் பெட்டி

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆயுத பூஜை கழிந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி இருக்கும். ஊத்துக்கோட்டைச் சாலையிலிருந்து ஏரிக்கரைப் பக்கம் பிரிகிற மண்பாதையின் முடிவில்தான் எங்கள் துப்பாக்கி சுடும் மன்றத்தின் திடல். ஒரு தகரக் கூரை, அதன் கீழே படுத்துச் சுடுவதற்கு நாலைந்து விரிப்புகள், ஐம்பது மீட்டர் தள்ளி மணல் மூட்டை அடுக்கிய மேடு. அவ்வளவுதான் மன்றம். முந்தின நாள் பெய்த மழையில் பனைமரங்கள் கறுத்து நின்றன. தேர்வாய் கண்டிகைப் பக்கம் புகைபோக்கிகளுக்கு மேலே மேகம் இன்னும் கலையவில்லை.

அன்று என் சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு கடிதம் இருந்தது. எழுதியவன் நான். கீழே பதினொரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒன்பது மணிக்குக் கூட்டம். அந்தக் கடிதத்தை அங்கே வாசித்தால் எங்கள் செயலாளர் பதவியை விட்டு இறங்கியாக வேண்டும். பதவி கிடக்கட்டும், அதில் வருமானமா வருகிறது? ஆனால் 'கெட்டுப்போன சரக்கை வாங்கி மன்றத்தின் தலையில் கட்டியவர்' என்ற பெயரோடு இறங்க வேண்டும். வியாபாரம் செய்கிற மனிதருக்கு அந்தப் பெயர் என்ன செய்யும் என்று நான் யோசிக்கவே இல்லை. வாக்கியங்கள் நன்றாக விழுந்திருக்கின்றனவா என்றுதான் மூன்று முறை படித்துப் பார்த்தேன்.

செயலாளரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பழவேற்காட்டுக்காரர். தலைமுறை தலைமுறையாக இறால், கருவாடு வியாபாரம். அறுபதை ஒட்டிய வயதிலும் ஸ்கூட்டரில் வந்து, கூரையைப் பெருக்கி, குறி அட்டைகளை ஒட்டி, எல்லோரும் போன பிறகு பூட்டிக்கொண்டு போகிறவர்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் வேலை. ஓர் இடத்தில் பத்து நிமிஷம் உட்காரத் தெரியாத உடம்பு. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இந்தப் பழக்கத்துக்கு நான் வந்ததற்குக் காரணமே அதுதான். வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்து, துப்பாக்கியின் மரக்கட்டையைக் கன்னத்தில் அணைத்து, ஒரு மூச்சை விட்டு அடுத்த மூச்சை எடுப்பதற்கு முன் ஒரு சின்ன நிறுத்தம் வருமே, அதில் நிற்கிறபோது மட்டும் எனக்குள் ஓடுகிற லாரிகள் எல்லாம் ஓரம் கட்டி நின்றுவிடும். அந்த ஒரு கணத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

மன்றத்தில் காற்றுத் துப்பாக்கிகள் ஆறு உண்டு. நிஜத் தோட்டா போடுகிற நல்ல ரைஃபிள் ஒன்றே ஒன்று. எல்லோரும் அதையே மாற்றி மாற்றிச் சுடுவோம். தோட்டா என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓர் அங்குல நீளம், பென்சில் பருமன்கூடக் கிடையாது. அடிவட்டத்தின் விளிம்பில் ஊசி தட்டியதும் வெடிக்கிற ஜாதி. வெளிநாட்டிலிருந்து வந்து, பல கை மாறி, அனுமதிச் சீட்டுகளோடு எங்கள் இரும்புப் பெட்டிக்கு வந்து சேருவதற்குள் பாய் எத்தனை அலுவலகப் படி ஏறுவார் என்பது எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது.

நடந்தது இதுதான். ஆயுத பூஜைக்கு முந்தின வாரத்தோடு பழைய தோட்டா தீர்ந்தது. அது வரைக்கும் அந்த ரைஃபிள் சொன்ன பேச்சைக் கேட்டது. ஐந்து தோட்டா சுட்டால் ஐந்து ஓட்டையையும் ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம். பூஜை முடிந்த வாரம் புதுத் தோட்டா வந்தது. வேறு கம்பெனி, விலையும் கூடுதல். ஆசையோடு சுட்டோம். முதல் இரண்டு ஓட்டை அக்கம்பக்கமாக விழும். மூன்றாவது நகரும். நாலாவது எங்கேயோ போகும். ஐந்து ஓட்டையையும் மூட டீக்கடைக் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்க்க வேண்டியிருந்தது. எனக்கு மட்டும் இல்லை, சுட்ட அத்தனை பேருக்கும் அப்படித்தான்.

பழையது நல்லது, புதியது கெட்டது. இதைவிடத் தெளிவாக ஒரு விஷயம் இருக்க முடியுமா? ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் எங்களோடு சுடுவார். வாய் சும்மா இருக்காது. அவர் ஒரு தோட்டாவை மூக்கருகே கொண்டுபோய், "இன்னாயா இது, கருவாட்டு நாத்தம் அடிக்குது. பாய் கெடங்குல ஒரு மாசம் ஊறவெச்சு எடுத்தாந்தாரா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். கடல் காற்றில் நமுத்த பழைய ஸ்டாக், மலிவாகக் கிடைத்ததை வாங்கிவிட்டார் என்று அந்த வாரமே பேச்சு கிளம்பியது. பாய் அந்தப் பெட்டிகளைத் தன் வீட்டுப் பக்கமே கொண்டுபோனது கிடையாது. வந்த அன்றே மன்றத்தில் வைத்துப் பூட்டினார். அதை யார் கேட்டார்கள்? எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன் இருந்தேன், எழுதினேன்.

அந்த ஞாயிறு காலை, சேறு தெறித்த ஸ்கூட்டியில் எங்கள் உறுப்பினர்களில் ஒரு பெண் வந்து இறங்கினார். தேர்வாய் கண்டிகையில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறவர். முப்பது, முப்பத்திரண்டு வயது. ஊத்துக்கோட்டைக்கு உள்ளே ஒரு கிராமத்தில் நெல் வைக்கிற குடும்பம். எங்கள் மன்றத்தில் எல்லோரையும்விட நன்றாகச் சுடுகிறவர் அவர்தான். ஷிஃப்ட் மாறியதால் ஒரு மாதமாக வரவில்லை. பூஜைக்கும் இல்லை, புதுத் தோட்டாவுக்கும் இல்லை.

கையெழுத்து வாங்கலாமே என்று கடிதத்தை அவரிடம் நீட்டினேன். நின்றுகொண்டே படித்தார். நான் அழகாக எழுதியிருந்த வரிகளில் அவர் கண் நிற்கவே இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"பழைய தோட்டாவும் புதுசும் ஒரே நாள்ல யாராச்சும் சுட்டீங்களா சார்?"

"எப்படிமா சுட முடியும்? பழசு தீர்ந்த அப்புறம்தானே புதுசு வந்துச்சு."

"அப்போ ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கவே இல்ல."

"பார்க்க என்ன இருக்கு? பதினொரு பேரும் சுட்டாச்சு."

"பதினொரு பேரும் ஒரே துப்பாக்கிலதானே சுட்டீங்க?" என்றார். குரலில் கேலி இல்லை. அதனால்தான் அது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிறகு கூரையின் ஓரத்தில் அட்டை ஒட்டிக்கொண்டிருந்த பாயிடம் போனார். பாய்க்குக் கடித விஷயம் தெரியும். தெரியாத மாதிரி பசை தடவிக்கொண்டிருந்தார். மூன்று வாரத்தில் அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"பாய், எங்க ப்ளாண்ட்ல எந்த சரக்கு வந்தாலும் கொஞ்சம் எடுத்து பூட்டி வெச்சுக்குவோம். பின்னால தகராறு வந்தா பாக்கறதுக்கு. நீங்க பழைய தோட்டால எதுனா மிச்சம் வெச்சிருக்கீங்களா?"

பாய் கையைத் துடைத்துக்கொண்டார். "மாதிரி எடுத்து வெக்காம யாவாரம் பண்ணிக்கினு இருக்க முடியுமாம்மா? மூட்டைக்கு ஒரு கைப்பிடி துணில முடிஞ்சு வெப்போம். சரக்கு முழுக்கத் தீர்ந்து, வாங்கினவன் வாயத் தொடச்சிக்கினு போற வரைக்கும் அவுக்க மாட்டோம். எங்க வாப்பா காலத்துலருந்து அப்டித்தான். தோட்டா மட்டும் இன்னா, அதுவும் சரக்குதானே."

இரும்புப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்தார். பழைய தோட்டா, ஐம்பது. மேலே தாள் ஒட்டி, எந்தத் தவணையில் வந்தது என்று அவர் கையெழுத்து.

"இருக்குதுன்னு முன்னாடியே சொல்றதுக்கு இன்னா பாய்?" என்றார் டிரைவர்.

"யாரு கேட்டீங்க?" என்றார் பாய். எனக்கு முகம் சுட்டது.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் தனக்கு வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டார். தருவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை.

அவர் அதைச் செய்த விதத்தை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், சொல்லித் தீரவில்லை. முதலில் என்னைத்தான் பக்கத்தில் உட்கார வைத்தார். "நீங்கதான் புதுசு கெட்டதுன்றீங்க. அதனால தோட்டாவ நீங்களே எடுத்துக் குடுங்க. எது மொதல்ல, எது அப்பால, உங்க இஷ்டம். எங்கிட்ட சொல்லக் கூடாது. ஒரு சீட்டுல எழுதி வெச்சுக்குங்க." ஒவ்வொரு அட்டைக்கும் முன்னால் ஐந்து தோட்டாவை வெளியே மணலில் சுட்டுவிடுவார். ஒவ்வொரு ஜாதித் தோட்டாவுக்கும் மேலே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. முந்தின மெழுகு துப்பாக்கிக் குழாய்க்குள் இருக்கும்போது அடுத்ததைச் சுட்டால் முதல் சில தோட்டாக்கள் தடுமாறும், அதைக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை என்றார். அதற்கப்புறம் ஐந்து அட்டையில். இப்படி நான்கு முறை, நான்கு அட்டை.

படுத்தார். குறியிலிருந்து கண்ணை எடுக்காமல் வலது கையை மட்டும் பின்னால் நீட்டுவார். நான் உள்ளங்கையில் ஒரு தோட்டாவை வைப்பேன். விரல்கள் அதைப் பார்க்காமலே உள்ளே செலுத்தும். கண்ணாடி கீறிய பழைய தழும்புகள் அந்த விரல்களில் வெள்ளை வெள்ளையாக இருந்தன. வெடி, ஏரிக்குமேல் ஒரு கொக்கு எழும்பும், மறுபடி கை. ஒரே தாளம். நான் வேண்டுமென்றே வரிசையைக் குழப்பினேன். மாட்டிக்கொள்ளட்டும் என்ற எண்ணம் உள்ளே இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நான்கு அட்டையும் வந்தன. அவற்றில் எண்ணைத் தவிர எதுவும் எழுதவில்லை. தன் பையிலிருந்து ஒரு வெர்னியர் அளவுகோலை எடுத்து டிரைவரிடம் நீட்டினார். "நான் அளக்க மாட்டேன். கையெழுத்து போட்டவங்களே அளந்து சொல்லுங்க."

டிரைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு அட்டையிலும் மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில் அளந்தார். நாற்பத்தொன்பது மில்லிமீட்டர். ஐம்பத்தைந்து. நாற்பத்தேழு. ஐம்பத்திரண்டு. இரண்டாவது அட்டையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டி, "இந்தா, பாரு. இதான் அந்தப் புது பேஜாரு. கண்ண மூடிக்கினே சொல்வேன். சாணி தெளிச்ச மாதிரி கீது!" என்றார்.

சீட்டைப் பிரிக்கச் சொன்னார் அந்தப் பெண். நான் பிரித்தேன். இரண்டாவது அட்டை பழைய தோட்டா. மூன்றாவதும் பழையது. முதலாவதும் நான்காவதும் புதியது.

டிரைவர் சீட்டை என் கையிலிருந்து வாங்கித் தானே ஒரு முறை பார்த்தார்.

நாலும் ஒரே மாதிரி கெட்டிருந்தன. ரூபாய்க் காசுக்குள் அடங்கிய அதே பழைய தோட்டா இன்று தம்ளர் வாயளவு சிதறியிருந்தது. "அப்ப தோட்டா இல்லியா?" என்று டிரைவர் யாரிடமோ கேட்டார்.

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் எங்களை நாலு கேள்வி கேட்டிருப்பார்கள். அந்தப் பெண் கேட்கவில்லை. "எங்க ப்ளாண்ட்லயும் இதே கததான் சார். கண்ணாடில குமிழி வந்தா மொதல்ல மண்ணு சப்ளை பண்றவனத்தான் திட்டுவாங்க. அவன்தானே வெளியாளு" என்று சொல்லிவிட்டு, சுவரில் ஆணியில் குத்தி வைத்திருந்த பழைய அட்டைகளைப் புரட்ட ஆரம்பித்தார். அதுவும் பாயின் பழக்கம்தான். ஒரு அட்டையையும் எறிய மாட்டார், தேதி போட்டுக் குத்தி வைப்பார். கடைசி நல்ல அட்டையையும் முதல் கெட்ட அட்டையையும் கண்டுபிடித்து, இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இந்த ரெண்டுக்கும் நடுவுல துப்பாக்கிக்கு இன்னா ஆச்சு? கீழ வுழுந்துச்சா? யாராச்சும் கழட்டினீங்களா?"

"தொடவே இல்லையே. ஒரு வாரம் சுடவே இல்லை. பூஜைதான் போட்டோம்" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் என் கண் துப்பாக்கியின் விளிம்புக்குப் போனது.

பூஜை போட்டது நான். இந்த வட்டாரத்தில் ஆயுத பூஜை அன்று பொட்டு வாங்காத பொருள் கிடையாது. லேத் மிஷினிலிருந்து ஷேர் ஆட்டோ வரைக்கும், அரிவாளிலிருந்து கம்ப்யூட்டர் வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. எங்கள் ரைஃபிளுக்கும் உண்டு. மற்றவர்கள் ஒப்புக்கு ஒரு பொட்டு வைப்பார்கள். எனக்கு அப்படி வராது. கடைப் பொடி வேண்டாம் என்று சந்தனக் கட்டையைக் கல்லில் இழைத்து, பன்னீர் விட்டுக் குழைத்து, துப்பாக்கியை மேசைமேல் நிமிர்த்திக் கிடத்தி, துப்பாக்கியின் மரக்கட்டையும் குழாயும் சேர்கிற அந்த நீள விளிம்பில் வரிசையாக ஒன்பது பொட்டு வைத்தேன். கருத்த இரும்பில் மஞ்சள் நிலாக்கள் என்று எனக்குள் ஒரு வரிகூட ஓடியது. அன்று மாலை துணியால் துடைத்து உள்ளே வைத்தேன். மேலே தெரிந்ததைத்தான் துடைத்தேன்.

"மெல்லிசா ஒரு பேப்பர் இருந்தா குடுங்க சார்."

பையில் கை விட்டேன். இருந்தது ஒரே தாள்தான். ஒரு கணம் அவரைப் பார்த்தேன். அவர் கையை நீட்டியபடியே இருந்தார். கடிதத்தை எடுத்து ஓரமாக ஒரு நீளத் துண்டு கிழித்துக் கொடுத்தேன்.

குழாய்க்கும் மரக்கட்டைக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். குழாய் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும், அப்போதுதான் ஒவ்வொரு வெடியிலும் ஒரே மாதிரி அதிரும். அவர் அந்தத் தாளைக் குழாய்க்கு அடியில் தொட்டில் மாதிரி கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்து, முன்னாலிருந்து பின்னால் இழுத்துக்கொண்டே வந்தார். தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. வந்தது. பாதி தூரத்தில் நின்றது. இன்னும் கொஞ்சம் இழுத்தார், தாள் கசங்கியது.

திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்தத் திருகு எந்தத் துளை என்று தரையில் அதே வரிசையில் வைத்தார். குழாயைத் தூக்கினார். கட்டையின் பள்ளத்தில், பட்டாணி அளவுக்கு இரண்டு இடத்தில், கல்லாகக் காய்ந்த சந்தனம். ஒன்றில் குங்குமம் ஊறி ஆரஞ்சு நிறமாகியிருந்தது. இன்னொன்றில் ஒரு மல்லிகை இதழ் பழுப்பேறி ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்துக்குப் பிறகும் மணந்தது.

சுடச் சுடக் குழாய் சூடேறும், அந்தச் சந்தனம் அதை ஒரு பக்கமாக நெட்டித் தள்ளும். அதனால்தான் முதல் இரண்டு தோட்டா ஒழுங்காகப் போய், அடுத்தடுத்து நகர்ந்தன. அவர் இதைச் சொன்னபோது நான் பாயைப் பார்க்க முடியாமல் அந்த இதழைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூஜை அன்று பொரி கடலையும் வாழைப்பழமும் வாங்கி வந்து, நான் பொட்டு வைத்து முடிக்கும் வரை தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவரே பாய்தான்.

டிரைவர் என் தோளுக்குமேல் எட்டி அந்தச் சந்தனத்தைப் பார்த்தார். "சந்தனக் கட்டைய வாங்கியாந்து குடுத்தது யாரு?" என்றார்.

"நான்தான்யா" என்றார் பாய்.

"அப்போ தப்பு உன்னுதுதான் பாய். கையெழுத்த வாபஸ் வாங்க முடியாது!"

முதலில் சிரித்தது பாய்தான். அதற்கப்புறம்தான் எங்களுக்குத் தைரியம் வந்தது.

இதோடு அந்தப் பெண் விட்டிருக்கலாம். பாய் ஜெயித்துவிட்டார், ஒன்பதாகப் பத்து நிமிஷம் இருந்தது. ஆனால் அவர் பள்ளத்தைச் சுரண்டித் துடைத்து, திருகுகளை அதே வரிசையில் அளவாக முறுக்கி, மறுபடி தாளை ஓட்டிப் பார்த்து, மறுபடி படுத்தார். பழையது ஐந்து மணலில், ஐந்து அட்டையில். புதியது ஐந்து மணலில், ஐந்து அட்டையில். பழையது பத்தொன்பது மில்லிமீட்டர். புதியது இருபத்திரண்டு. இரண்டுமே ரூபாய்க் காசுக்குள். ஆனால் புதியது குறிக்குக் கொஞ்சம் கீழே விழுந்திருந்தது.

"பாய், ஒன்னு சொல்லிர்றேன். ரெண்டும் ஒன்னுன்னு சொல்ல மாட்டேன். புதுசு கொஞ்சம் கீழ வுழுது. குறி பாக்கற திருக ரெண்டு மூணு கிளிக் ஏத்திக்கணும். பழச விட ஒரு மயிரிழை அகலமாவும் விழுது. விலை ஜாஸ்தின்னா இந்தக் குழாய்க்குப் புடிக்கணும்னு இல்ல. அடுத்த தபா வாங்கச் சொல்லோ பழைய கம்பெனியே கெடச்சா பாருங்க."

"பாத்துடலாம்மா" என்றார் பாய். அந்த வார்த்தையைச் சொன்னபோதுதான் அவர் குரல் உடைந்தது. கெட்ட சரக்கு என்று மூன்று வாரம் கேட்டபோது உடையாதது, உள்ளது உள்ளபடி ஒரு குறையைச் சொன்னபோது உடைந்தது. எனக்கு அது அப்போது புரியவில்லை. இப்போது கொஞ்சம் புரிகிறது. அவர் சரக்கை ஒருவர் அளந்து பார்த்துக் குறை சொன்னது அன்றுதான் முதல் தடவை.

கூட்டம் நடந்தது. நான் எழுந்து நின்றேன். வரி வரியாக எழுதிப் பழகியவனுக்கு அன்று ஒரு முழு வாக்கியம் வரவில்லை. பூஜை போட்டது நான், சந்தனம் வைத்தது நான், பழி எழுதினதும் நான், மன்னிக்கணும் பாய் என்று துண்டு துண்டாகச் சொன்னேன். கிழிந்த கடிதத்தை நாலாகக் கிழித்துப் போட எடுத்தேன்.

"அத்த இங்க குடு நைனா" என்றார் பாய்.

கொடுத்தேன். பிரித்துப் படிக்கவில்லை. மடிப்பை நீவி, மிச்சமிருந்த இருபது பழைய தோட்டாவோடு அந்த அட்டைப் பெட்டியில் வைத்து, மேலே அன்றைய தேதியை எழுதினார். "எதுக்குப் பாய் அது?" என்றேன்.

"மாதிரிப்பா. இந்த வருசம் இதுவும் வந்த சரக்குதானே."

கோபமா, விளையாட்டா என்று அவர் முகத்தில் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. இரும்புப் பெட்டியைப் பூட்டிவிட்டு, "வாங்கப்பா, நாஷ்டா ஆறிடப் போவுது" என்று எல்லோரையும் கூப்பிட்டார். அந்தப் பெண் வீட்டிலிருந்து கொண்டுவந்த பொங்கலை அவரே வாழையிலைத் துண்டுகளில் வைத்தார். எனக்கு ஒரு கரண்டி கூடவே வைத்தார்.

பாய் இன்னும் செயலாளர்தான். அந்தப் பெண் இன்னும் எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் சுடுகிறார், இன்னும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆயுத பூஜைக்கு இப்போதும் நான்தான் சந்தனம் இழைக்கிறேன், ஆனால் பொட்டு துப்பாக்கிப் பெட்டியின் மூடிக்கு மட்டும். என் கடிதம் அந்த அட்டைப் பெட்டிக்குள் அப்படியே இருக்கிறது. பாய் அதை ஒரு முறைகூட வெளியே எடுத்ததில்லை. தொழிற்சாலையில் ஏதாவது ஒரு சப்ளையரின் சரக்கைப் பற்றிக் கடுமையாக நாலு வரி எழுத உட்காரும்போதும், வீட்டில் யார்மேலாவது குரல் ஏறும்போதும், பன்னீர் விட்டுக் குழைத்த அந்தச் சந்தன வாசனை எங்கிருந்தோ வருகிறது; அது போகிற வரைக்கும் நான் வாய் திறப்பதில்லை.